ஆயுத பூஜையில் வைத்த மருந்துப் பை

முதலில் காலியானது தண்ணீர் கேன். எங்கள் வீட்டில் இருபது லிட்டர் கேன் ஒன்று மூன்று நாளுக்கு வரும். அந்த ஆவணி மாதத்தில் ஒன்றரை நாளில் தீர்ந்தது. கேன் போடுகிறவர் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "இன்னாமா, வூட்ல எதுனா விசேஷமா? தண்ணி இப்டி போவுது" என்று கேட்டார். வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது, நம் வெயில் தாங்காமல் குடித்துக்கொண்டே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் பெயர் ஹனா. செக் நாட்டில் ஒரு சிறிய ஊர். வயது பதினாறு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பத்து மாதம் சென்னையில் படிக்க வந்தவள். இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் விடுதியில் தங்குவதில்லை. ஊர்க்காரர்களின் வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்க வேண்டும். ஜனவரி வரை கோட்டூர்புரத்தில் எங்கள் வீடு, அதன் பிறகு மயிலாப்பூரில் ஒரு வீடு என்று ஏற்பாடு. எங்கள் மகள் யாழினியும் அதே திட்டத்தில் பிரேசிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய அறையைத்தான் ஹனாவுக்குக் கொடுத்திருந்தோம்.

நானும் என் கணவரும் தி.நகரில் மேட்சிங் கடை வைத்திருக்கிறோம். புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி விற்கிற கடை. கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் நடுவில் எத்தனை பச்சை இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

ஹனாவுக்கு நானே தைத்துக் கொடுத்த சுடிதார் இரண்டு வாரத்தில் தொளதொளவென்று ஆனது. இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு அரை அங்குலம் பிடித்தேன். இப்போது பாரு, ஜம்மென்று இருக்கிறது என்று வேறு சொன்னேன். இளைக்கிறாளே என்று தோன்றவில்லையா என்றால், தோன்றியது. நம் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று தண்ணீராகக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், துணியைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹனா வாந்தி எடுத்தாள். நிறுத்தவே முடியவில்லை. மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. பக்கத்தில் போனபோது வாயிலிருந்து அழுகிய பழ வாசனை வந்தது. அடையாறில் இருந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் போவதால் உடம்பு கொழுப்பை எரித்து, இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்தான நிலை) என்றார்கள். காரணம், முதல் வகை நீரிழிவு (இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும் நோய்). தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டரம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மைசூர்பாகு, ஸ்வீட்னு நிறைய குடுத்தேன் டாக்டர். அதனாலயா?"

"இல்லம்மா. உங்க மைசூர்பாகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க ஊர்லயே இருந்திருந்தாலும் வந்திருக்கும். ஆனா இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா பிள்ளை கெடச்சிருக்க மாட்டா."

மூன்று நாள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிரேசிலில் யாரோ ஒருத்தி என் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே இன்னொருத்தி பெற்ற பிள்ளையை இப்படி ஆக்கி வைத்திருக்கிறேன் என்று மாற்றி மாற்றி அதே நினைப்புதான். ஹனாவின் அம்மா மார்த்தா கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். வீடியோவில் வந்து என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டத்தின் பொறுப்பாளரும் இப்படிப்பட்ட நேரத்தில் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சரியென்று படாதது ஒருத்திக்குத்தான். கையில் ஊசி குத்தியிருக்க, உதடெல்லாம் வெடித்திருக்க, ஹனா படுத்தபடியே சொன்னாள்: நான் பத்து மாதத்துக்கு வந்தேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டாக்டரம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மார்த்தாவிடம் பேசினார். பேசி முடித்து எங்களிடம் வந்தார். "மூணு வாரம் டைம் வாங்கியிருக்கேன். அதுக்குள்ள இவளால தானே சமாளிக்க முடியும்னு எனக்குத் தோணுச்சுன்னா, இங்கயே இருக்கலாம்னு லெட்டர் தருவேன். இல்லேன்னா ப்ளேன் ஏத்திடலாம்."

அந்த மூன்று வாரத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் நான் பார்த்ததை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. அதற்கு முன்னும் பின்னும் விரலில் குத்தி இரத்தம் பார்க்க வேண்டும். சாப்பிடப் போகிற மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று தீர்மானிக்க வேண்டும். அவள் ஊர்ச் சாப்பாடாக இருந்தாலாவது பழக்கம் இருக்கும். இட்லியும் இடியாப்பமும் அவளுக்கு என்ன தெரியும்? சமையல் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு என் இட்லிகளை ஒவ்வொன்றாக எடை போட்டாள்.

"செல்விம்மா, உங்க இட்லி ஒண்ணுகூட ஒரே வெயிட் இல்ல" என்றாள். தமிழை எங்கள் கடைப் பெண்களிடம் கற்றுக்கொண்டிருந்தாள். "இது சின்னதா கீது. இது மாமாக்கு போட்டதா?"

இருபது வருடமாக என் இட்லியில் யாரும் குறை சொன்னதில்லை. அன்றிலிருந்து மாவை அளந்து ஊற்றினேன்.

என்னைத் திருத்துவதுதான் அவளுக்குப் பெரும்பாடு. ஊசி போட்ட அளவுக்குத்தான் சாப்பிட வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனக்கோ யார் தட்டைப் பார்த்தாலும் கை தானாகக் கரண்டியைத் தேடும். போதும் என்கிற வார்த்தைக்கு நம் வீடுகளில் மதிப்பில்லை என்று சீக்கிரமே புரிந்துகொண்டாள். இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். ஒரே ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கதவுக்கு வெளியே நானும் நின்று அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, மணியைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் ஆயுத பூஜை. கடையில்தான் பூஜை, சாப்பாடும் அங்கேயே. டாக்டரம்மாவைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கத்தரிக்கோல், அளவு டேப், தையல் மெஷின் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். பூஜை முடியும்வரை அதில் எதையும் தொடக் கூடாது. இலை போட்டார்கள். இலை போட்டதும், சாப்பாடு உடனே வந்துவிடும் என்று ஹனா ஒரு ஓரமாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கையில் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிற நீலப் பை இருந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி, ஊசிப் பேனா, அவசரத்துக்குக் குளுக்கோஸ் எல்லாம் அதில்தான். எனக்கு மனசு நிறைந்து போயிற்று. எங்களுக்குக் கத்தரிக்கோல் போல இவளுக்கு இதுதானே ஆயுதம் என்று, அந்தப் பையை வாங்கி, பொட்டு வைத்து, சாமி முன்னால் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தேன். அவளும் சந்தோஷமாகத்தான் கொடுத்தாள்.

தீபாராதனை காட்ட வேண்டியவர் என் கணவரின் அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். திருநெல்வேலியிலிருந்து வந்து இந்தக் கடையைத் தொடங்கியவர், ஆசாரத்தில் ஒரு பிடி கூடுதல். அவர் பனகல் பார்க் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டார். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றார்கள். அது இருபதாயிற்று, முப்பதாயிற்று. விளக்கு அணையாமலிருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. அதனால் ஹனாவுக்கு வியர்த்ததை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

சாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அவள் வந்த முதல் வாரமே நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சுண்டலை ருசி பார்த்ததற்காக என் கணவரையே கண்டித்தவள் அவள்.

"செல்விம்மா, என் பை" என்றாள் மெதுவாக.

எனக்குக் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. "இரு கண்ணு, பத்து நிமிஷம். பூஜை முடியட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கால் தடுமாறியது. உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய், படத்துக்கு முன்னாலிருந்த தன் பையை எடுத்தாள். நைவேத்தியத் தட்டிலிருந்து வெல்லத் துண்டுகளை எடுத்து வாயில் போட்டாள். "அய்யய்யோ, இன்னா பண்ற ஹனா" என்றாள் கடைப் பெண் ஒருத்தி.  ஹனா அங்கேயே தரையில் உட்கார்ந்து, நடுங்குகிற விரலில் குத்தி, கருவியில் பார்த்தாள். ஐம்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை (உடம்பு வியர்த்து நடுங்கி, மூளைக்குச் சர்க்கரை போதாமல் மயக்கமும் வலிப்பும் வரக்கூடிய நிலை). 

அந்த நேரம் பார்த்து அத்தான் வாசலில் வந்து நின்றார். கலைந்திருந்த தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊசி போட்டுட்டா அத்தான், சாப்பாடு நேரமாயிட்டு, அதான்" என்று நான் உளறினேன்.

"லேட்டா வந்தது நான்தான? பிள்ளைய ஏன் காக்க வச்சிய?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "எல்லாரும் உக்காருங்க. சோத்தப் போடுங்க. சாமிக்குப் பொறவு காட்டிக்கிடலாம். சரஸ்வதி ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா."

வெல்லம் வேலை செய்யப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். எண்பத்தெட்டு வந்தது. அவள் இலையில் கை வைத்த பிறகுதான் அத்தான் வைத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூஜைக்கு முன்னால் எங்கள் குடும்பம் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இனி லெட்டர் கிடைக்காது என்று நினைத்தேன். அடையாறுக்குப் போகிற ஆட்டோவில், "டாக்டர்கிட்ட இதையும் சொல்லணுமா?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். ஹனா நோட்டைத் திறந்து காட்டினாள். ஊசி போட்ட நேரம், ஐம்பத்து நான்கு, வெல்லம் மூன்று துண்டு, சாமி தட்டிலிருந்து. எல்லாம் எழுதியிருந்தது. அவள் மறைக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

டாக்டரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரைக் கேட்டு எடுத்தே?"

"கேட்டேன். குடுக்கல. நானே எட்துகினேன்" என்றாள் ஹனா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா லெட்டர்பேடை இழுத்து எழுத ஆரம்பித்தார். "சுகர் எறங்கவே கூடாதுன்னு நான் சொல்லலியேம்மா. எறங்கத்தான் செய்யும். எறங்கினா என்ன பண்றான்னுதான் தெரிய வேண்டியிருந்தது. இவ பாஸ். நீங்கதான் இன்னும் பாஸ் பண்ணல."

மார்த்தாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். சுடிதாரைப் பிடித்துத் தைத்தது முதல் பத்து நிமிஷம் என்றது வரை. ஹனா மொழிபெயர்த்தாள்.  மார்த்தா சொன்னதை ஹனா கொஞ்சம் கூச்சத்தோடு எனக்குச் சொன்னாள். ஊரில் இவள் ஒரு தடவை கேட்டு இல்லையென்றால் பேசாமல் போய்விடுகிற பிள்ளையாம். எழுந்து போய் எடுத்தாள் என்றால் அங்கேயே இருக்கட்டும் என்றாராம்.

பொங்கல் முடிந்து அவள் மயிலாப்பூர் போனாள். தெப்பக்குளத்துப் பக்கம் வயலின் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மாவின் வீடு. முந்தின நாள் அவரிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன். "கவலையே படாதீங்கோ" என்றார் அவர். "எங்காத்துல ஏகாதசி, அமாவாசைன்னு நாள் கிழமை நெறைய வரும். அந்த விரதமெல்லாம் எங்களோட. அவ ஊசி போட்டுண்டா தட்டு முன்னாடியே இருக்கும்."

என்ன பேசினாலும் உடம்பு கேட்பதில்லை. அவள் போன முதல் நாள் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். மணி ஒன்று பத்து ஆனதும் கத்தரிக்கோல் தானாக நின்றது. அது அவள் சாப்பிடுகிற நேரம். எனக்குப் பசி எடுப்பதும் அந்த நேரத்துக்கு மாறியிருந்தது. எதிரே நின்ற வாடிக்கையாளரிடம் பத்து நிமிஷம் இருங்க என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அந்த வார்த்தையை இப்போதும் என்னால் சும்மா சொல்ல முடிவதில்லை. பத்து நிமிடத்தில் ஒரு உடம்புக்குள் என்னென்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

போனை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். ஒன்று இருபத்தைந்து. ஒன்று நாற்பது. ஊசி போட்டேன், சாப்பிட்டேன் என்று ஒரு வரி வரும் என்று நினைத்தேன். மூன்று மணி ஆயிற்று. வரவில்லை. மூன்றேகாலுக்கு அந்த அம்மாவுக்கே போன் செய்தேன். ஹனா சாப்பிட்டு முடித்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கோயில் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.