நாள் முழுக்க லைனில் இருந்த புருஷன்

அந்தச் சட்டைத் தையல் கூடத்தில் காலர் தைப்பவளை எல்லோரும் காலர் அக்கா என்பார்கள். பக்கத்து மெஷினில் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போடுகிறவள் சின்னப் பெண், அண்மையில்தான் கல்யாணமானவள். அவளைப் பார்த்தாலே அக்காவுக்கு வயிறு எரியும்.

எல்லாம் அவள் புருஷனால்தான். காலையில் கொண்டுவந்து விடுவான், மாலையில் வாசலில் காத்து நிற்பான், நடுவில் போனில் இருப்பான். போனை மெஷின் மேல் வைத்து, லைனைத் துண்டிக்காமலேயே அவள் தைப்பாள். நாள் முழுக்க அப்படி என்னதான் கொஞ்சலோ! அக்காவின் வீட்டுக்காரரோ, இவள் காணாமல் போனால்கூடப் பசி எடுத்தால்தான் தேடுவார். "பக்கத்து மெஷின்காரி புருஷனைப் பாத்தாவது கத்துக்கோங்க" என்று அவரிடம் சண்டைகூடப் போட்டாள். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

ஒரு நாள் ஊசி முறிந்து ஓவர்லாக் நின்றது. போனிலிருந்து குரல் வந்தது.

"சத்தம் ஏன் நின்னுச்சு? எவன்கிட்ட பேசிட்டிருக்க?"

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. அவசர அவசரமாகப் புது ஊசியை மாட்டப் பார்த்தாள். அக்காவுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவன் கொஞ்சவில்லை, காவல் காக்கிறான். இதற்கா இத்தனை நாள் வெந்து செத்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பேசினால் அவனுக்குக் கேட்கும். வெட்டுத்துணியில் சாக்பீசால் 'அடிக்கிறானா?' என்று எழுதி நகர்த்தினாள். அவள் படித்தாள், உள்ளங்கையால் அழித்தாள், ஆமென்று தலையாட்டினாள். 'உன் தப்பில்ல. உதவிக்கு ஆள் இருக்கு' என்று அக்கா அதன் மேலேயே எழுதினாள்.

மறுநாள் அக்கா ஓவர்லாக்கில் உட்கார்ந்து வீண் துணியாக ஓட்டித் தள்ளினாள். அந்தப் பெண் அக்காவின் போனோடு ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பெண்கள் உதவி எண்ணில் பேசினாள். அவன் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று, மெஷின் மேல் லைனில் கிடந்த அவள் போனையே பார்த்தபடி அக்கா சத்தம் நிற்காமல் ஓட்டினாள். சூப்பர்வைசர் முறைத்தார். அக்கா திருப்பி முறைத்தாள்.

அவள் திரும்பி வந்து அக்காவின் காதோரம் குனிந்தாள். "தங்க இடம் தராங்களாம்க்கா. நாளைக்கு இங்கயே வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

அக்கா மிதியை இன்னும் அழுத்தினாள்.

"ஒண்ணு சொல்லவாக்கா? உங்களைப் பாத்தா எனக்கு அவ்ளோ பொறாமையா இருக்கும். நாள் முழுக்க உங்களை யாருமே தேடறதில்ல."