பாதியில் நின்ற சிலுவை

எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஞானஸ்நானத்தில் சாமியார் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெயர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா சொல்லும் பெயர் இன்னொன்று. மாதா கோவில் பதிவேட்டில் நான் ஒரு புனிதையின் பெயரைத் தாங்கியவள். பள்ளிப் பதிவேட்டிலோ ஓர் அம்மனின் பெயர், பக்கத்தில் ‘இந்து’, அதற்கும் பக்கத்தில் சாதி. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஐந்து வயதிலேயே பழகிவிட்டோம்.

காரணம் ஊரறிந்தது. இந்துவாக இருந்தால் எங்கள் சாதிக்குப் பட்டியலில் இடம் உண்டு, படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு உண்டு. கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர், என்று சொன்ன மறுநிமிடம் அந்த இடம் கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் தாழ்வெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று யாரோ மேலே உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் தெருப் பக்கம் வந்ததே இல்லை. மாமா ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று தனி கிளாஸ் வைத்திருந்தவன் யாரிடமும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டு வைக்கவில்லை. அவ்வளவு ஏன், எங்கள் கோவிலிலேயே எழுதிவைக்காத ஒரு வழக்கம் இருந்தது. முன் வரிசைகளில் பெரிய குடும்பங்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களின் குடும்பங்களும் உட்காருவார்கள். நாங்கள் பின்னால். யாரும் போகச் சொன்னதில்லை. நாங்களும் முன்னால் போனதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

இத்தனைக்கும் நடுவில் அம்மா விசுவாசத்தை விடவில்லை. அப்படிச் சொன்னால் அவளுக்குப் பெரிய பேச்சாகத் தோன்றும். அவள் சொல்தா வீடு ஒன்றில் சமையல் செய்தாள். உலை வைக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வாள், இறக்கும்போதும் போட்டுக்கொள்வாள். எனக்கு மூத்த குழந்தைகள் இரண்டு பிறந்து இறந்திருந்தன. அந்த இரண்டு சின்னப் பெட்டிகளுக்கு முன்னாலும் அவள்தான் முதலில் சிலுவை போட்டு ஜெபத்தைத் தொடங்கினாளாம். அப்பா முதலியார்பேட்டை மில் ஒன்றில் நூற்பில் இருந்தார். அவருக்கும் பக்தி உண்டு, ஆனால் வீடு நடக்கவேண்டும் என்ற கவலை அதைவிட ஒரு படி முன்னால் நிற்கும்.

எழுபதுகளின் கடைசியில் மில்லில் வேலை குறைந்தது. வாரத்தில் பாதி நாள் அப்பா வீட்டில் இருந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். நான் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்குக் கார்டு வந்தது. ஒதுக்கீட்டு இடம். தேர்விலும் தேறிவிட்டேன். சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்காக வருவாய் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்றார்கள். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என்ன சேலை கட்டிக்கொண்டு போவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் தெருவில் ‘படம் இறக்குவது’ என்று ஒரு வேலை உண்டு. திரு இருதய ஆண்டவர் படம், மாதா சுரூபம், ஜெபமாலை எல்லாவற்றையும் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அந்த ஆணியில் ஒரு முருகர் காலண்டர் ஏறும். காலண்டர் தெருக்கோடியில் இருந்த இந்து அத்தை வீட்டுடையது. யாருக்கு விசாரணை என்றாலும் அதுதான் போகும். அத்தை முகம் சுளிக்காமல் கழற்றிக் கொடுப்பார். “பத்திரமா கொண்டாந்து குடுங்க, அவ்ளோதான்” என்பார்.

அந்த வாரம் அப்பா படத்தை இறக்கினார். அந்தப் படம் அவர்கள் கல்யாணமான வருஷம் சாமியார் வந்து மந்திரித்து மாட்டியது. இறக்கியபோது சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் அடுப்புப் புகை. காலண்டர் அந்தச் சதுரத்தை மறைக்கப் போதவில்லை.

“ஒரு நாளைக்குத்தானே” என்றார் அப்பா.

“நான் ஒண்ணும் சொல்லலியே” என்றாள் அம்மா.

அதிகாரி வந்தபோது அப்பா பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார். தங்கைகள் பள்ளிக்கூடத்தில். அம்மா சொல்தா வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு இருந்தாள். அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல மனிதராகவே தெரிந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். சுவரைப் பார்த்தார்.

“இந்த முருகர போன மாசமே ரெண்டு வீட்ல பாத்தேன்” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு கேள்விகள். குலதெய்வம் எது, எந்தக் கோவிலுக்குப் போகிறீர்கள். அம்மாவுக்கு அப்பா எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். “ஆடி மாசம் வீராம்பட்டினம் தேருக்குப் போவோங்க” என்றாள். அதில் பொய் இல்லை. தெருவே போகும், அவளும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வளையல் வாங்கிக் கொடுப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது. மத்தியான ஜெப மணி. பிறந்ததிலிருந்து அந்த மணிக்குக் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்றவள் அம்மா. அன்றைக்கும் உடம்பு அவளைக் கேட்காமலே எழுந்துகொண்டது. முந்தானை தலைக்குப் போனது. கை நெற்றிக்குப் போனது, நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அங்கே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கை நெஞ்சிலேயே நின்றது.

அதற்கப்புறம் தோளுக்குப் போகவேண்டும். போகவில்லை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. பிறகு கையை இறக்கிக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, புழக்கடைச் சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

அதிகாரி தன் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “நான் ஒண்ணும் பாக்கல. சட்டுனு கையெழுத்தப் போடும்மா. இன்னும் நாலு வீடு போவணும்.”

தாளை வாங்கினேன். நான் இந்து மதத்தைப் பின்பற்றி வருகிறேன் என்று டைப் அடித்திருந்தது. டைப் படித்தவள் அல்லவா, இரண்டு எழுத்து மங்கலாக விழுந்திருக்கிறது, ரிப்பன் மாற்றவேண்டும் என்று அப்போதும் புத்தியில் ஓடியது. பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன். ஒரு புள்ளிகூட விழுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை.

எனக்குத் திடீரென்று பெரிய பக்தி வந்துவிடவில்லை. வேதசாட்சிகள் யாரும் நினைவுக்கு வரவில்லை. குழந்தைகளின் பெட்டிக்கு முன்னால் நிற்காத கை எனக்காக நின்றுவிட்டதே என்ற ஒன்றுதான் மனசில் இருந்தது. அதன் மேல் நான் கையெழுத்துப் போட்டால், நிறுத்தியது அவள் இல்லை, நான்தான் என்று ஆகிவிடும்.

“வேணாம் சார். நாங்க வேதக்காரங்க” என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “பைத்தியமாம்மா ஒனக்கு? நான்தான் பாக்கலன்னு சொல்றேனே. ஒன் தெருவுல பாதி பேருக்கு நான்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அவங்கல்லாம் ஞாயித்துக்கிழம எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாதா?” தெருவில் இருப்பவர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, பசியில்லாமல் இருந்துகொண்டு, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தவர்களை என்னைவிடக் கீழானவர்கள் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அவர் தாளை வாங்கி எதையோ கிறுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அவர் போனபின் அம்மா வந்தாள். “என்னாடி சொன்னாரு?”

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. நான், “ஆவாதுன்னுட்டாரு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நாற்காலி காலியானதும் எனக்கு எல்லாம் உறைத்தது. வேலை போய்விட்டது. இந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தக் கோபம். அதிகாரிக்கு முன்னால் மெய் சொன்ன வாய், அடுப்படியிலிருந்து வந்தவளிடம் பொய் சொல்லிவிட்டது. மாலையில் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் காலண்டரைக் கழற்றிச் சுருட்டினார்.

மூன்று வாரம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சும் குறைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாளை சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை அவளோடு கோவிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். திரும்பி வரும் வழியில் அவளாகவே பேசினாள்.

“சாமிகிட்ட சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“நான் சிலுவை போட ஆரம்பிச்சதால ஒனக்கு வேல போச்சு. பாதியில நிறுத்துனதால ஆண்டவர மறுதலிச்சேன். ரெண்டு பக்கமும் நான் கெட்டவளாயிட்டேன்டி. ஒழுங்கா போட்டிருந்தா அவருக்காச்சும் ஆயிருக்கும். போடாம இருந்திருந்தா ஒனக்காச்சும் ஆயிருக்கும்.”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என்னைப்போல் ஒரு பாவி அந்த ஊரில் இருக்க முடியாது என்று தோன்றியது. சைக்கிள்கள் மணி அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போயின. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதித்தரத் தயாராக இருந்ததை, பேனாவை நீட்டியதை, நான் வேண்டாம் என்றதை, அவளிடம் பொய் சொன்னதை.

அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

“மூணு வாரமா அந்த மனுசன சபிச்சுக்கிட்டு இருக்கேனேடி பாவி! கை அழுவிப் போவணும்னுகூட சொன்னேன். மோர் குடிச்சுட்டுப் போன நல்ல மனுசன!” என்றாள். அப்படியே திரும்பி, சாமியார் போவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டுமென்று கோவிலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். எனக்கும் சொல்லவேண்டியது இருந்தது.

அன்று விளக்கு வைத்ததும் வழக்கம்போல் நாங்கள் ஐந்து பேரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னோம். முடிவில் அம்மா ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொள்வாள். அந்த அதிகாரிக்காக வேண்டிக்கொண்டாள், அவருடைய இரண்டு கைகளுக்காகவும் தனியாக. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதன்பின் என் முறை வந்தது. வருஷக்கணக்காக எனக்காக அவள் வைப்பது ஒரே வேண்டுதல்தான், என் மகளுக்கு ஒரு வேலை கிடைக்கவேண்டும் என்று. அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை.

“சர்வேசுரா, என் மவ இப்படியே இருக்கணும்” என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதற்கு மேலானது ஒன்று வரவில்லை. ஆனாலும் நான் நான்தானே? வேலையும் கிடைக்கட்டும் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டுதான் ஆமென் சொன்னேன்.