ஜெனோன் வழி சொன்ன சாப்பாட்டுக் கடை

போலந்தில் எங்கள் ஊரான போஸ்னானுக்கு வேலைக்கு வருகிற வெளியாட்கள் எங்கள் விடுதியில் பெட்டியை இறக்கியதும், வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஜெனோனிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். எங்கே சாப்பிடுவது, எங்கே ஆட்டம் போடுவது, எங்கே காலை நீட்டுவது.

மனிதர் காசு கொடுத்து வெளியே ஒரு வாய் காபி குடித்தவரில்லை. எங்கள் ஊரே கையை இறுக்கி வைத்திருப்பதற்குப் பேர்போனது, இவர் அதிலும் ஒரு படி மேல். ஆனால் பதிலில் மட்டும் தடங்கலே இருக்காது.

"சந்தைக்குப் பின்னாடி, தட்டை நாமளே தூக்கிட்டுப் போற ஓட்டல் இருக்கு. உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வாங்குங்க. சூப் வேணாம், வெறும் தண்ணி. ஆடணுமா, ஆத்தோரம் போங்க. அங்க பாட்டுப் போட்டா எனக்குக் கேக்காது. ஓய்வுன்னா மால்டா ஏரி. வாத்துக்கு ரொட்டி போடாதீங்க."

அதே விடுதியில் துணி துவைக்கும் லூட்கா நான். அவருடைய நிஜமான ஓய்விடம் எனக்குத் தெரியும். ரயில் பாதை ஓரத்தில், அடுக்குமாடிக்காரர்களுக்கென்று பிரித்துக் கொடுத்திருக்கும் தோட்டங்களில் ஒன்று அவருடையது. ஒரு பேரிக்காய் மரம், ஒரு மரக்குடிசை, கறி சுடும் அடுப்பு. அந்த இடத்தை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. தக்காளியை மிதித்துவிடுவார்களாம்.

ஜூலையில் அவருடைய பெயர்நாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள், வரும். எங்களுக்கு அது பிறந்தநாள் மாதிரி. பெயர்நாளுக்கு எங்கள் பக்கம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள், பெயருக்கு உரியவர் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். கூப்பிட்டால் கெஞ்சியதாக ஆகிவிடும். ஜெனோனுக்கு வழக்கமாக வருபவர்களில் போகுமில் என்பவர் அந்த வருஷக் குளிர்காலத்தில் செத்துப்போனார். க்ளெயோஃபாஸ் கடலோரத்து மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மிச்சம் நான். ஒருத்தி மட்டும் போய் உட்கார்ந்தால் அது விருந்தா? துக்கம் விசாரிப்பு.

அந்த வருஷப் பெயர்நாளன்று காலை மேசைக்கு அடியில் பெரிய பை இருந்தது.

"இவ்வளவு சாசேஜ் யாருக்கு சார்?"

"வருவாங்க."

"யாரு? ரயிலை நிறுத்தி ஏத்திட்டு வரப் போறீங்களா? நம்ம விடுதிப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வாயத் திறந்தே, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். கூப்பிட்டு வந்தா அது பெயர்நாளா?"

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் மாடியிலிருந்து இறங்கினார்கள். ஜார்ஜியாக்கார சுராப், கட்டட வேலை செய்பவன். பிலிப்பைன்ஸ்காரி மாரிட்டெஸ், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை.

"சார், இன்னிக்கு லீவு. எங்க போய்ச் சாப்பிடலாம்?" என்றாள் மாரிட்டெஸ்.

ஜெனோன் பையைக் காலால் உள்ளே தள்ளினார். என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரயில் பாதை ஓரமாப் போங்க. பச்சை கேட். உள்ள ஒரு பேரிக்காய் மரம். சாப்பாடு பரவாயில்ல. கடைக்காரன்தான் சிடுமூஞ்சி."

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த போர்வைகள் கீழே விழுந்தன.

மதியம் நான் போனபோது வேலைத்தள ஆட்கள் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு சுராப் பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்திருந்தான். ஜெனோன் துண்டைத் தோளில் போட்டு அடுப்புக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்கயும் வேலை பாக்குறீங்களா சார்?" என்று மாரிட்டெஸ் பரிதாபமாகக் கேட்டாள்.

"பகுதி நேரம்" என்றார்.

"கடுகு சாஸ் கொஞ்சம் கொண்டாங்க. மெனு கார்டு எதுவும் இல்லையா?" என்றான் சுராப்.

நான் பூங்கொத்தை நீட்டி, எங்கள் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, பெயர்நாள் வாழ்த்துச் சொன்னேன். இது கடையே இல்லை என்று அப்போதுதான் மேசைக்குப் புரிந்தது. சுராப்பின் முகம் சுட்ட சாசேஜை விடச் சிவந்தது. அப்புறம் அவனே எழுந்து, கோப்பையைத் தூக்கிப் பிடித்து, அவர்கள் ஊர் வழக்கப்படி நீளமாக ஒரு வாழ்த்துரை ஆற்றினான். சாசேஜ் ஆறிப்போனது, ஆனால் எல்லோரும் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மாரிட்டெஸ் தட்டெல்லாம் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஜெனோன் மட்டும் கேட்டைப் பூட்டும்போது முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"இது சேத்தி இல்ல, லூட்கா. நானே அனுப்பிவெச்ச ஆளுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "வயிறு நிறையச் சாப்பிட்டாங்க, அது சேத்தி இல்லையா?" என்றேன். ஆனால் அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் தெரியும். அதுதான் வலித்தது.

அடுத்த வருஷம் அவர் ஒருவருக்கும் வழி சொல்லவில்லை. கேட்டவர்களை எல்லாம் ஏரிக்கு அனுப்பினார். சுராப் ஊரின் அந்தக் கோடியில் வீடு பிடித்துப் போயிருந்தான். மாரிட்டெஸுக்கு வேறு வேலை, வேறு அறை. பெயர்நாளன்று ஜெனோன் கையில் சின்னப் பை.

"உனக்கும் எனக்கும் இது போதும்" என்றார்.

மதியம் தோட்டத்தில் அடுப்பு பற்றிக்கொண்டபோது பச்சை கேட் கிரீச்சென்றது. சுராப், அவன் பெண்டாட்டி, ஒரு ஜாடி ஒயின். பின்னால் மாரிட்டெஸ், அவளோடு நான் பார்த்தே இராத இரண்டு பெண்கள். அவள் கையில் ஏழு பூக்கள். இரட்டைப்படையாகக் கொடுத்தால் எங்கள் ஊரில் அது சாவுக்கு என்று எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஜெனோன் என்னை முறைத்தார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"யார் சொன்னா உங்களுக்கு?" என்று அவர்களிடம் அதட்டினார்.

"யார் சொல்லணும்?" என்றான் சுராப். "இன்னிக்கு உங்க நாள்தானே சார்?"

"சாசேஜ் பத்தாது" என்றார் ஜெனோன். விறகு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் போனார், வெகுநேரம் வரவில்லை.

விறகெல்லாம் குடிசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.