பொறுங்க அண்ணனும் மூச்சடைத்த வேனும்

ரப்பர் குழாயின் ஒரு முனை வால்வில், மறு முனை மெக்கானிக் அண்ணன் வாயில். பலமாக ஓர் இழுப்பு இழுத்து, நாக்கு நுனியால் துளையை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருக்கிறார். உறிஞ்சிய காற்று கசியாமல் நின்றால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வாய் திறக்க முடியாத இந்த நேரம் பார்த்துத்தான் எல்லோரும் அவரிடம் ஏதாவது கேட்பார்கள். வலது கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். அது என்ன சொல்கிறது என்று பட்டறைக்கு வருகிறவர்கள் அனைவருக்கும் தெரியும்: "பொறுங்க."

அதுவே அவர் பெயராகி, 'பொறுங்க அண்ணன்' ஆகிப் பல வருடம் ஆகிறது. முகப்பில் உதிரி பாகங்கள் விற்கும் கவுன்ட்டரைக் கவனித்துக்கொள்வது மனைவி. "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டாரு. அதுக்கும் பொறுங்கன்னாரு இந்த மனுஷன். நான்தான் முந்திக்கிட்டு சரின்னுட்டேன். இல்லேன்னா இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருந்திருப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பார். வாயால் உறிஞ்ச வேண்டாம் என்று கைப் பம்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. கேட்டால், "புதுசு. அழுக்காயிடும்" என்பார் அண்ணன்.

பழைய வண்டி வந்தால் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி நிற்பார். ஐந்து நிமிடம் எதையும் தொடமாட்டார். "ஸ்பேனர எடுத்துட்டோம்னா அப்புறம் கைதான் வேலை பாக்கும். மூளை வேடிக்கை பாக்கும்."

என் காருக்கு பிரேக் கட்டை மாற்றப் போயிருந்த ஒரு காலையில் அந்த வெள்ளை வேன் வந்தது. ஓட்டி வந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். சிறுநீரக நோயாளிகள் ஆறு பேரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டு விடுகிறவர்.

"மெயின் ரோட்டுல நல்லா போகுதுண்ணே. சிக்னல்ல நின்னா உதறுது, கரும்புகை தள்ளுது, அப்படியே அணைஞ்சுபோகுது. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. உங்களுக்குக் கண் ஆபரேஷன்னு கடை மூடியிருந்தப்ப ஆரம்பிச்சது. ரெண்டு பட்டறை ஏறி இறங்கிட்டேன். ஈ.ஜி.ஆர். வால்வத்தான் மாத்துறாங்க, திரும்ப மாத்துறாங்க. இன்னொரு தடவை நடுவழியில நின்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பேசாம ஒரு தகடு வச்சு அடைச்சு விட்டுடுங்கண்ணே."

"பொறுங்க" என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, கொஞ்சம் பேசினார். "இன்ஜின் தான் விட்ட புகையில கொஞ்சத்தத் தானே திரும்ப உள்ள இழுத்துக்கும். அதுக்குக் கதவு மாதிரிதான் இந்த வால்வு. வண்டி சீரா ஓடுறப்ப திறக்கணும், நின்னா மூடணும். அடைச்சா வண்டி ஓடும். ஆனா கெட்ட புகை முழுக்க ரோட்டுல போறவங்க மூக்குலதான் ஏறும். கதவு ஏன் மூடலன்னு மொதல்ல பாப்போம்."

இருவருமாக வேனை எடுத்துக்கொண்டு பெரிய சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பட்டறை வாசலில் நின்றதுமே வேன் குளிர் ஜுரம் கண்டவன்போல் நடுங்கத் தொடங்கியது. அண்ணன் குதித்திறங்கி, பானட்டைத் தூக்கி, வால்விலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைப் பிடுங்கினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அணையப் போன இன்ஜின் நிமிர்ந்து சீராக ஓடியது.

"வால்வு மேல தப்பில்ல. அதத் திறந்து வைக்கிற காத்து இழுவை, தணிய வழியில்லாம குழாய்க்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார். பெண்மணியை உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். அது பேட்டரித் தட்டுக்கு அடியில், தீப்பெட்டி அளவுள்ள மின்சாரக் கட்டுப்பாட்டு வால்வில் போய் முடிந்தது. டார்ச் அடித்துக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். சிறிய வால்வின் பக்கவாட்டில் ஒரு மூக்கு. வேலை முடிந்த இழுவையைத் தணிக்க வெளிக்காற்று உள்ளே வரும் துளை அது. அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி அரை அங்குலம், மறுபடி பிரிக்க வசதியாக, மடித்து ஒட்டப்பட்டிருந்தது. அண்ணன் பட்டறையில் தொங்கிய எந்த ஒயரைப் பார்த்தாலும் அதே மடிப்பு இருந்தது.

"போன வருஷம் இந்த வேன் கரி சுத்தம் பண்ண வந்தப்ப, எதோ உடைஞ்ச குழாயோட மிச்சம்னு நெனச்சு, தூசி போகாம நான்தான் சுத்தினேன்" என்றார் மெதுவாக. "அப்ப ஓரத்துல கொஞ்சம் காத்து போயிருக்கும். சூட்டுல பசை உருகி முழுசா அடைச்சிருச்சு."

பெண்மணி உள்ளே பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, சரியாயிருச்சு எடுத்துட்டுப் போம்மா என்று சொல்லியிருக்கலாம். நானும் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கவுன்ட்டரிலிருந்து மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தார்.

டேப்பைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே பெஞ்சுக்குப் போனார். "இதுதாம்மா கோளாறு. நான் பண்ணது."

பெண்மணி டேப்பை வாங்கிப் பார்த்தார். பிறகு குரல் உடைந்தது. "ரெண்டு தடவை நடு ரோட்டுல நின்னேண்ணே. பின்னாடி ஹாரன் அடிச்சே கொன்னுட்டாங்க. உள்ள ஒருத்தருக்கு மூச்சு வாங்குது. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன். வீட்டுலயும் அதத்தான் சொன்னாங்க. வண்டிய வித்துரலாம்னு முடிவே பண்ணிட்டேன்."

பொறுங்க என்று அண்ணன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். கடைசியில், "நாளைக்கு ட்ரிப்புக்கு நானும் வரேன்" என்றார்.

மறுநாள் அந்த வேனில் நானும் இருந்தேன். எழுதுகிறவனுக்கு ஒட்டிக்கொள்ளச் சொல்லியா தரவேண்டும்? போகும்போது ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அண்ணன் பாதி எழுந்து உட்கார்ந்தார். வேன் எங்கும் அணையவில்லை. பெரிய சந்திப்பில் பெண்மணி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்கவில்லை. கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து திரும்பினோம். சிகிச்சை முடிந்தவர்கள் பிழிந்து காயப்போட்ட துணிபோல இருந்தார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வண்டி நகர்ந்ததும் அவருக்குக் கண் சொருகியது. தலை மெல்ல அண்ணன் பக்கம் சாய ஆரம்பித்தது. அண்ணன் தன் சட்டையைப் பார்த்தார். தோள் முழுக்க எண்ணெய்க் கறை. கால்சட்டைப் பையில் கைவிட்டு, மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து உதறி, தோளின்மேல் விரித்தார். அந்த வெள்ளைத் தலை அதன்மேல் வந்து இறங்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.