இடுப்பளவுக் கொய்யா

கத்தரிக்கோலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொய்யாக் கன்றின் அருகே நிமிர்ந்து நிற்கிறார் செடிக்காரர். தன் இடுப்போடு அதன் உயரத்தை ஒட்டிப் பார்க்கிறார். அதைத் தாண்டித் தலை நீட்டிய கொழுந்தை நறுக்கென்று வெட்டுகிறார். பண்ணையில் வேறு எந்தச் செடியிடமும் அவருக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது.

எங்கள் தெருமுனையில் செடி விற்கும் இவரிடம் வாய்தவறி "ஒரு மாமரம் குடுங்க" என்று கேட்டுவிட்டால் போச்சு. "பையில இருக்கிற வரைக்கும் கன்னுங்க. மண்ணுல வச்சிட்டா ஒரு சாண் இருந்தாலும் மரம். மரம்தான் வேணும்னா ரோட்டோரம் நிக்குது, தூக்கிட்டுப் போங்க" என்பார். வியாபாரத்துக்கு லாயக்கில்லாத வாய் என்று நானும் கேலி செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை.

அந்தக் கொய்யா பன்னிரண்டு வருடமாகப் பையிலேயே இருக்கிறது. வருடத்துக்கொரு முறை வேரைக் கழித்துப் பை மாற்றுகிறார். தின்ற பழத்தின் விதையைத் துப்பி அதை முளைக்க வைத்தவள் அவருடைய மகள். தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். வேறு யாராவது தொட்டால் சண்டைக்கு வருவாளாம். ஏழு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு அவள் வீடு வந்து சேரவில்லை. தேடாத இடமில்லை. அன்றைக்கு அவளும் கன்றும் ஒரே உயரம்.

"மண்ணுல வச்சிடுங்களேன். அது பாவம், மூச்சு விடட்டும்" என்று அவர் மனைவி என் முன்னாலேயே கேட்டார்.

"மரமாயிட்டா, வர்றவளுக்கு அடையாளம் தெரியுமா?"



அந்தப் பைக்கு அவர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. "அது அவ வேலை" என்பார். கடை மூடும்போது மகளின் சிவப்புக் குவளையை நிரப்பிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போவார். காலையில் குவளை காலியாக இருக்கும். பை மண் நனைந்திருக்கும். சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குவது எனக்குத் தெரியும். அதனால் மனைவியிடம் தனியாகக் கேட்டேன்: "நீங்கதானே வந்து ஊத்துறீங்க?"

"நானா? இத்தனை வருஷமா அவருன்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்!"

குனிந்து பை மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் நன்றாகவே அடித்தது. ஆனாலும் மண் ஈரமாகத்தான் இருந்தது.

அன்று மாலை அவர் வழக்கம்போலக் குவளையை நிரப்பி வைத்தார். பூட்டை எடுக்கத் திரும்பினார். கன்றை மண்ணில் வைக்கச் சொன்ன அந்தம்மா சட்டென்று குனிந்து, குவளையின் பிடியை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.