தடித்த எழுத்துச் சாக்கு

லாரியில் சாக்கு ஏற்றிய அன்று உப்பளத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் இருந்தார்கள். படிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளை டீ குடிக்கப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

இன்று மரக்காணம் ஃபிளெக்ஸ் கடையில், அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கடைக்காரர் ஓர் எழுத்து வடிவத்தைக் காட்டினார். "தூரத்துலேருந்தே தெரியும் பாரு தம்பி." நிமிர்ந்த கோடுகள் கட்டைவிரல் தடிமன்; படுக்கைக் கோடுகள் முடி போல மெலிசு. பார்த்ததும் உப்பு கசிந்த சாக்கின் ஈர வாடை வந்தது.

எங்கள் முதலாளியின் சாப்பாட்டு உப்புச் சாக்கில் இதே எழுத்துதான் இருக்கும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "கால் பெருத்து, கை மெலிஞ்சிருந்தா அது சாப்பாட்டு உப்பு" என்பார். அந்த வருடம் தோல் பதனிடும் உப்புக்கும் அதே எழுத்தில் சாக்கு அடித்திருந்தார்கள். மளிகை மண்டிக்குப் போக வேண்டிய லாரியில் மூவரும் அந்தத் தோல் உப்பை ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் லாரி அப்படியே திரும்பி வந்தது.

"ஏம்பா, கண்ணு பொட்டையா உனக்கு?" என்று முதலாளி கத்தினார்.

"அதே எழுத்துதாங்களே..." என்றார் அப்பா.

அன்று மாலை அப்பா இரண்டு சாக்குகளையும் என் முன்னால் விரித்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானடா இருக்குது. உனக்கு மட்டும் எப்படி வேறயா தெரியுது?"

"வேற எழுத்து போடுங்கண்ணே," என்றேன் ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம்.

"ஏன் தம்பி, இதுக்கென்ன?"

ஒரே தடிமனில் இருந்த வேறோர் எழுத்தைக் கைகாட்டினேன். அந்த வருடம் லாரி போய்வந்த வாடகையை மூவரின் கூலியிலும் பிடித்தார்கள். நாலாயிரத்து இருநூறு ரூபாய்.