அப்பா கட்டிவிட்ட எழுத்து

இந்தக் குளிர்நாட்டில், டூட்டிங் போகும் பஸ்ஸில், என்னுடன் வேலை செய்யும் மிரியம் தன் கழுத்துப் பதக்கத்தைக் காட்டினாள். அதில் இரண்டு எபிரேய எழுத்துகள். சேர்த்து வாசித்தால் 'உயிர்' என்று பொருளாம். எழுத்துகளால்தான் கடவுள் உலகைப் படைத்தார் என்பது அவர்களுடைய யூத ஞானிகளின் நம்பிக்கையாம்.

போருக்குப் பயந்து நாங்கள் ஊரைவிட்டு ஓடிய காலையில் எனக்கு எட்டு வயது. அப்பா தன் கையிலிருந்த அச்சரக்கூட்டை அவிழ்த்து என் கையில் கட்டினார். மந்திர எழுத்துப் பொறித்த தகட்டை உள்ளே வைத்து மூடிய வெள்ளிக்குழல் அது. அவருடைய உடற்சூடு அதில் இன்னும் இருந்தது.

"அப்ப உங்களுக்கு, அப்பா?"

"மாடுகளை அவிட்டுவிட்டிட்டுப் பின்னாலை வாறன், பிள்ளை. அம்மான்ரை கையை விடாதை."

அப்பா வரவேயில்லை.

"உங்கள் மொழியில் உயிரை எப்படி எழுதுவது?" என்று மிரியம் கேட்டாள்.

பனி படர்ந்திருந்த பஸ் கண்ணாடியில் விரலை வைத்தேன். 'அப்பா' என்று எழுதினேன்.